ஒன்றரை நிமிடம் நின்ற குற்றம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். 'நலம்' வரை எழுதிவிட்டு அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்ட பிறகும் பொய் சொல்கிற பிள்ளையைப் பார்ப்பதுபோல இருந்தது. அடித்துவிட்டு வேறு தாளில் தொடங்கியிருக்கிறேன். உங்கள் மூட்டுவலியும் அக்காவின் ரத்த அழுத்தமும் போன கடிதத்தில் விட்ட இடத்திலேயே இருக்கும் என்று நம்புகிறேன். இறங்கியிருந்தால் சந்தோஷம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா ஸ்பீக்கரில் போடுவாள், நான் இரண்டு வரி சொல்வதற்குள் அழ ஆரம்பிப்பாள், நீங்கள் பின்னாலிருந்து, "எதுவா இருந்தாலும் எழுத்துல கொடுக்கச் சொல்லு" என்பீர்கள். எழுத்தில் கொடுத்துவிட்டேன், தபாலுக்கு நேரமில்லாததால் ஆள் கையில். பொருள்: என் வேலை. பார்வை: நிர்வாக மேலாளர் வெள்ளிக்கிழமை மாலை என் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்ட குறிப்பாணை. வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்குள் விளக்கம் தராவிட்டால், சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்வார்களாம். அப்படி எடுத்துக்கொண்டு என்னை வெளியே அனுப்பிவிடுவார்களாம். அந்தக் கம்பெனியில் முப்பது வருஷம் தலைமை எழுத்தராக இருந்து, இதே மாதிரிக் குறிப்பாணைகளை உங்கள் கையாலேயே தட்டச்சு செய்தவர் நீங்கள். எந்த வார்த்தையை எங்கே வைத்தால் எவன் சுருண்டு விழுவான் என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே எனக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தர வேண்டும். உங்கள் சிபாரிசில் கிடைத்த வேலை இது. சேர்த்துவிட்ட அன்று கேட்டில் வைத்து, "என் பேரைக் கெடுத்துடாத தம்பி" என்று ஒன்றுதான் சொன்னீர்கள். கெடுத்துவிட்டேன் மாமா. குடித்துவிட்டு வந்து கெடுக்கவில்லை, கைநீட்டிக் கெடுக்கவில்லை. டீ போட்டுக் கெடுத்தேன்.

நீங்கள் ஓய்வுபெற்ற பிறகு இங்கே என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்தில் அதே அட்டைப்பெட்டிக் கூடம், அதே நாற்பது பெண்கள், அதே நின்றுகொண்டே மடிப்பது, ஒட்டுவது, அடுக்குவது. உட்கார்ந்தால் வேகம் குறையும் என்று நீங்கள் இருந்த காலத்தில் எடுத்த நாற்காலிகள் இன்னும் திரும்பி வரவில்லை. அட்டைத் தூள் அதேபோலத்தான் பறக்கிறது. முதல் மாடியில் கணக்குப் பிரிவு. இரண்டாம் மாடியில் கூட்டம் நடக்கிற கண்ணாடி அறையும் கடைசியில் கழிவறையும். கழிவறைக்கும் கண்ணாடி அறைக்கும் நடுவில் என் டீ அறை. ஒரு தொட்டி, ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும். பெரிய முதலாளி காலமான பிறகு சின்ன முதலாளி உட்கார்ந்தார். அவர் மூன்று மாதத்துக்கு முன் ஒரு எந்திரம் வாங்க ஜப்பானுக்குப் போய்வந்தார். எந்திரம் கப்பலில் பின்னால் வரும் என்றார்கள். கையோடு வந்தது ஒரு தகரடப்பாவும் ஒரு மண் டீப்பாத்திரமும்.

அந்தப் பாத்திரத்துக்குப் பிடி பின்பக்கம் இல்லை, விலாவில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வரும் வழியில் உடைந்துபோய் யாரோ தப்பான இடத்தில் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, அவமானப்படக் கூடாதே என்று நான் கேட்கவில்லை. டப்பாவுக்குள் ஊசி ஊசியாகக் கரும்பச்சை இலை. கீரை காய்ந்த வாசனை. "இனிமே இதுதான். பாலும் வேணாம், சர்க்கரையும் வேணாம். நிதானமா குடிக்கணும், நிதானம் வரும்" என்றார் சின்ன முதலாளி. பால் வேண்டாம் என்றது எனக்குக் காதில் விழவில்லை. இருபது வருஷம் தெருமுனைக் கடையில் டீ ஆற்றிய காது அது, அந்த வார்த்தையை உள்ளே விடாது. முதல் நாள் பாலில் கொதிக்கவைத்து, சர்க்கரை போட்டு, உயரத் தூக்கி ஆற்றி, நுரையோடு கொண்டுபோய் வைத்தேன். குட்டைப் பாசியில் சோப்பு கரைத்த மாதிரி ஒரு நிறம். சின்ன முதலாளி கோப்பைக்குள் பார்த்த பார்வையில், தெரிந்தவர் யாரோ உள்ளே விழுந்து கிடக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் நாள் பால் இல்லாமல், வெறும் தண்ணீரில் இலையைப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டேன். டீ என்றால் கொதிக்க வேண்டும், அது என் தொழில் தர்மம். நிர்வாக மேலாளர்தான் முதலில் ஒரு வாய் குடித்தார். சின்ன முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "மருந்து மாதிரி இருக்கு சார், ரொம்ப நல்லா இருக்கு" என்றார். சின்ன முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கத்திலிருந்த பூந்தொட்டியில் துப்பினார். உடனே மேலாளரும் தன் வாயில் மிச்சம் இருந்ததைத் துப்பினார். அந்த ஆள் விழுங்காமல் வைத்திருந்தார் மாமா, மேலிடத்து முடிவு தெரிகிறவரைக்கும். அவருடைய முன்னேற்றத்தின் ரகசியம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

மூன்றாம் நாள் எழுபது டிகிரி என்றார்கள். கொதிக்கிற தண்ணீர் இலையைக் கருக்கிவிடுமாம், எழுபது டிகிரிக்கு ஆறிய தண்ணீரில் ஒன்றரை நிமிடம் ஊறவேண்டுமாம். நான் டிகிரிக்கு எங்கே போவேன்? முதலுதவிப் பெட்டியிலிருந்து காய்ச்சல் பார்க்கும் கருவியை வாங்கித் தண்ணீரில் விட்டேன். எண் வரவில்லை, ஒரு கோடு மட்டும் வந்தது. கோடு என்றால் என்ன என்று காவலாளியிடம் காட்டிக் கேட்டேன். "இவ்வளவு காய்ச்சல் உள்ளவன் இதுக்குள்ள செத்திருப்பான்னு அர்த்தம்" என்றார். அத்தோடு அந்தக் கருவியும் செத்துப்போனது. அதற்கு மேலாளர் வாய்மொழியாக ஒரு எச்சரிக்கை கொடுத்தார். பிறகு ஒரு சிறு தராசு வாங்கி வந்தார். ஒரு பாத்திரத்துக்கு ஐந்து கிராம் இலை. காலையில் டப்பாவோடு எடை, மாலையில் டப்பாவோடு எடை. அன்றிலிருந்து கீழே எல்லோருக்கும் அவர் கிராம் சார். செய்முறையை நான்கு வரியாக அடித்து, சின்ன முதலாளி கையெழுத்துப் போட்டு, டீ அறைச் சுவரில் ஒட்டினார்கள். 'இலையிட்டு நீர் ஊற்றியபின் பணியாளர் ஒன்றரை நிமிடம் அருகிலேயே நிற்க வேண்டும்.' மாமா, இந்த வரியை மறந்துவிடாதீர்கள். என் தலைக்கு வந்தது இந்த வரியால்தான், என் தலை தப்பினாலும் இந்த வரியால்தான்.

எப்படியோ கற்றுக்கொண்டேன். கொதித்த தண்ணீரை முதலில் கோப்பைகளில் ஊற்றி, அங்கிருந்து ஒரு கிண்ணத்துக்கு மாற்றி வைப்பேன். பாத்திரம் மாற மாறச் சூடு படிப்படியாக இறங்கும். கிண்ணத்தை உள்ளங்கையில் பிடித்தால், வைத்திருக்கவும் முடியாமல் விடவும் மனமில்லாமல் ஒரு சூடு வரும் பாருங்கள், அதுதான் எழுபது. ஒன்றரை நிமிடம் கழித்துக் கோப்பைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும், ஒருவனுக்குத் தண்ணியாகவும் ஒருவனுக்குக் கெட்டியாகவும் போய்விடக் கூடாது. கடைசிச் சொட்டுவரை வடிய வேண்டும். அந்தக் கடைசிச் சொட்டில்தான் சாரமே இருக்கிறது. தேங்கவிட்டால் அடுத்த தண்ணீர் கசந்துவிடும். இரண்டாம் தண்ணீருக்குக் காத்திருக்கவே வேண்டாம், இலை விரிந்திருக்கும், ஊற்றியதும் வடித்துவிடலாம். ஒரு நாள் சரியாக வந்ததா என்று பார்க்கப் பாத்திரத்தின் மூக்கில் தொங்கிய இரண்டு சொட்டை விரலில் வாங்கி நாக்கில் வைத்தேன். முதலில் பச்சைப் பட்டாணி வேகிற வாசனை. பிறகு லேசாக உப்புக் கரித்தது. பிறகு ஒரு துவர்ப்பு. அது போன பிறகு, ரொம்ப நேரம் கழித்து, நாக்கின் அடியில் ஒரு இனிப்பு, சர்க்கரையே போடாமல். இவர்கள் குடிப்பது நன்றாக வேறு இருக்கிறது மாமா. எனக்கு எரிச்சல் வந்தது அதில்தான். கேவலமாக இருந்திருந்தால் மனசுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதே வாரம் சின்ன முதலாளி கீழே வந்து பேசினார். பால் டீ உடம்புக்குக் கெடுதல், தூக்கம் வரும், சர்க்கரை வியாதி வரும், ஆகவே ஊழியர் நலன் கருதிக் காலை டீயும் நாலு மணி டீயும் நிறுத்தப்படுகிறது, குழாய் வைத்த டிரம்மில் வெந்நீர் இருக்கும், வேண்டும் அளவு குடிக்கலாம் என்றார். பசை மேசையில் நிற்கிற அம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் இருந்தபோதே சேர்ந்தவர், பசையக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும், "சார், தூக்கம் வர்றது டீயால இல்ல, எட்டு மணி நேரம் நிக்கறதால" என்றார். சின்ன முதலாளி சிரித்தார். நிதானம் வந்துவிட்ட மனிதர் அல்லவா. "வெந்நீர் குடிச்சுப் பாருங்கம்மா" என்றார். "குடிக்கிறோம் சார், குளிக்கவும் செய்யறோம், அதுக்கும் வியாதி வரும்னா சொல்லிடுங்க" என்றார் பசையக்கா. என் வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னேன். "கசப்பு உடம்புக்கு நல்லதுன்னா நம்ம குடும்பத்துக்கு நோயே வரக் கூடாதே" என்றாள்.

குற்றத்தின் முதல் பகுதி இங்கே தொடங்குகிறது. ஒரு நாள் பசை மேசையில் கையைச் சுட்டுக்கொண்டு, குளிர்ந்த தண்ணீரில் காட்டப் பசையக்கா என் அறைக்கு வந்தார். நான் பாத்திரத்தைக் குப்பையில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஊசியாக உள்ளே போன இலை முழு இலையாக விரிந்து, நரம்பு காம்பெல்லாம் தெரிய, பச்சைப் பசேலென்று விழுந்தது.

"அடப்பாவி, இன்னும் உயிரோட இருக்கு. அதைப் போய்க் கொட்டறியே."

"ரெண்டு தண்ணி முடிஞ்சாச்சுக்கா. மேல இருக்கிறவங்க மூணாவது குடிக்க மாட்டாங்க."

"கீழ இருக்கிறவங்க குடிப்பாங்க. அந்த வெந்நீர் டிரம்முல போடு."

"கிராம் சார் பாத்தா?"

"ஈரமா இருக்கிறதை எந்தத் தராசுல நிறுப்பாரு? குப்பைக்குப் போறதைத்தானே கேக்கறேன், அவரு கோப்பையையா கேட்டேன்?"

மேலே நாளுக்கு ஐந்தாறு பாத்திரம் இறங்கும். அந்த இலையையெல்லாம் துணியில் முடிந்து, நாலு மணிக்கு டிரம்மில் போட்டேன். மூன்றாம் தண்ணீருக்கு எழுபது டிகிரி எல்லாம் போதாது, கொதிக்கக் கொதிக்க வேண்டும். மேலே பக்குவம் பார்த்துப் பார்த்து நடத்தப்பட்ட இலைக்குக் கீழே வந்ததும் கொதிநீர்தான். இலைக்கும் அந்த விதிதான் போல. நாற்பது பேரும் தங்கள் தங்கள் பிளாஸ்டிக் குவளையில் பிடித்துக் குடித்தார்கள். "மேல்மாடி எச்சில்" என்றாள் ஒருத்தி. "எச்சில் இல்லடி, மிச்சம்" என்றாள் இன்னொருத்தி. "முதலாளி குடிச்ச நிதானம் இதுல கொஞ்சம் ஒட்டியிருக்குமா?" "ஒட்டியிருந்தா பெட்டியை விட்டுட்டு இங்கேயே படுத்துடுவோம், சீக்கிரம் குடி." கசப்பு குறைந்து, லேசான மஞ்சளில், தொண்டையில் அடைத்த அட்டைத் தூளை மட்டும் மெதுவாகக் கழுவிக்கொண்டு இறங்குகிற தண்ணீர் அது. இரண்டு மாதம் இப்படிப் போனது. மாமா, இதில் ஒரு காய்ந்த இலையைக்கூட நான் டப்பாவிலிருந்து எடுத்ததில்லை. தராசு சாட்சி.

இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை எந்திரம் வந்தது. லாரியைவிட நீளமான பலகைப் பெட்டி, வாசலில் இறக்கி வைத்தார்கள். கூடத்தில் எந்த இடத்தில் நிற்கும் என்று கிராம் சார் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோட்டுக்குள் மூன்று மேசைகள் இருந்தன. அந்த எந்திரம் தானே மடிக்கும், தானே ஒட்டும், தானே அடுக்கும். டீ கேட்காது. எத்தனை பேரை அனுப்புவார்கள், யார் யாரை என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. நாற்பது பேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டே பெட்டி மடித்தார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குக் கண்ணாடி அறையில் கூட்டம்.

பால் டீ கொடுத்த காலத்தில் நான் கூட்டத்தில் எதையும் கேட்டதில்லை. கதவைத் தட்டுவேன், பேச்சு நிற்கும், வைத்துவிட்டுப் போவேன், பேச்சு தொடரும். உங்கள் காலத்திலும் அப்படித்தான். இந்த டீ அப்படி இல்லை. மேசையில் வைத்து அவர்கள் கண் முன்னால் ஊற்ற வேண்டும், ஒன்றரை நிமிடம் அருகிலேயே நிற்க வேண்டும், கையெழுத்துப் போட்ட உத்தரவு. முதல் வாரம் நான் நிற்கும்போது பேச்சை நிறுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் பாத்திரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் நான் அங்கே நிற்பதே யார் கண்ணிலும் படவில்லை. அன்று தண்ணீரை ஊற்றிவிட்டு மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. கிராம் சார் தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்.

"எண் ஏழு. எண் பன்னிரண்டு. எண் பதிமூணு."

கீழே ஒவ்வொருத்திக்கும் மேலங்கியில் எண் தைத்திருக்கும். ஏழு பசையக்கா. பன்னிரண்டு, வலது கண் சரியாகத் தெரியாத பெண். பதிமூன்று அவளுடைய தங்கை. நான் முப்பது எண்ணும்போது அவர் இருபத்திரண்டு என்றார். இருபத்திரண்டு புதிதாகக் குழந்தை பெற்றுத் திரும்பி வந்தவள். நான் இருபத்திரண்டிலிருந்து இருபத்துமூன்றுக்குப் போனேன். அவர் முப்பத்தொன்று என்றார். நான் முப்பத்திரண்டுக்குப் போனேன். பதினெட்டு பேர். ஆளுக்கு ஐந்து விநாடி, சரியாக ஒன்றரை நிமிடம். அவர் கணக்கு பிசகவில்லை, என் கணக்குத்தான் பிசகியது. வடித்தபோது இரண்டரை நிமிடமாவது ஆகியிருக்கும். சின்ன முதலாளி ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, "இன்னிக்கு என்ன கொஞ்சம் கசக்குது?" என்றார். அறையில் இருந்த ஐந்து பேரும் கவலையோடு பாத்திரத்தைப் பார்த்தார்கள். பதினெட்டு எண் வாசித்தபோது அந்தக் கவலை ஒரு முகத்திலும் இல்லை மாமா. சனிக்கிழமை வேலை முடிந்த பிறகு செல்போனில் செய்தி அனுப்பிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை கேட் மூடியிருக்கும், கூட்டம் சேராது என்று முடிவு செய்துவிட்டு இரண்டாம் தண்ணீர் கேட்டார்கள். ஊற்றினேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குக் காதில் விழுந்திருக்கும். புதன்கிழமை காலை நாற்பது பேரும் மேசைக்குப் போகவில்லை. நேராகச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் போய் நின்றுகொண்டார்கள். சத்தம் இல்லை, கோஷம் இல்லை. எட்டு மணி நேரம் நின்று பழகிய கால்கள், அது ஒன்றும் அவர்களுக்குப் புதிதில்லை. "பதினெட்டு பேர்ல ஒருத்திக்கு செய்தி வந்தாலும் நாங்க இங்கேருந்து நகர மாட்டோம்" என்றார் பசையக்கா. பதினெட்டு என்ற எண்ணைக் கேட்டதும் கிராம் சார் முகம் அந்தப் பச்சை டீயின் நிறத்துக்குப் போனது. எந்திரம் இன்னும் வாசலில் பலகைக்குள்தான் இருக்கிறது. பெண்கள் வேலை நேரம் முழுக்கக் கோட்டுக்குள் நிற்கிறார்கள், மணி அடித்ததும் வீட்டுக்குப் போகிறார்கள். செய்தி அனுப்புவது வருகிற புதன்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதே புதன்கிழமைதான் என் விளக்கத்துக்கும் கெடு.

குறிப்பாணையில் மூன்று குற்றம். ஒன்று: கம்பெனிக்குச் சொந்தமான தேயிலையை அனுமதியின்றிக் கீழ்த்தளத்தில் விநியோகித்தது. குப்பையில் விழுந்த பிறகும் அது கம்பெனிச் சொத்தாம். அப்படியானால் எங்கள் டீ அறைக் குப்பைத்தொட்டியையும் இரும்புப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்று நாசூக்காக எழுதுங்கள். இரண்டு: கூட்ட அறையில் தேவைக்கு மேல் நின்றது, தேநீரைக் கசக்கவிட்டது. சுவரில் ஒட்டிய உத்தரவைப் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன், சின்ன முதலாளியின் கையெழுத்து தெளிவாகத் தெரிகிறது. மூன்று: நிறுவன ரகசியத்தை வாய்மொழியாக வெளியிட்டது. இதற்கு ஒரே வரி போதும். நான் வாயைத் திறக்கவில்லை. எந்தச் சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன். கூட்டம் முடிந்ததிலிருந்து மறுநாள் காலைவரை நான் கீழ்த்தளத்தில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டுப் பாருங்கள், நாற்பது பேரும் அதையேதான் சொல்வார்கள்.

உங்கள் முகத்துக்காகவாவது விட்டுவிடுவார்கள் என்று அக்கா சொல்வாள். நீங்கள் எழுதுகிற தமிழைப் பார்த்தாலே கிராம் சார் எழுந்து நிற்பார், அந்தக் காலத்தில் உங்களிடம் திட்டு வாங்கியே எழுதப் பழகியவர். வேலை போனால் இந்த வயதில் திரும்பத் தெருமுனைக்குப் போக முடியாது. அங்கே என் இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. விளக்கம் பணிவாக இருக்கட்டும். 'இனி இவ்வாறு நேராது' என்று முடியுங்கள். நீங்கள் எழுதிய குறிப்பாணைகளுக்கு வந்த விளக்கமெல்லாம் அப்படித்தான் முடியும் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள்.

அக்கா மாத்திரையை நேரத்துக்குப் போடட்டும். நீங்கள் படி ஏறுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரியும் மகளும் உங்கள் இருவரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். உண்மையில் விசாரிக்கவும் செய்தார்கள். உங்கள் ஆசீர்வாதம் எப்போதும்போல் வேண்டும், இந்த முறை கொஞ்சம் அவசரமாக.

பணிவுடன்,
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மாமா, இந்தத் தாளைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். அக்கா கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். மேலே இருப்பது அக்கா சத்தமாக வாசிப்பதற்கு எழுதியது.

வாயைத் திறக்கவில்லை என்பது நிஜம். ஆனால் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நான் டிரம்மில் இலையைப் போடவில்லை. பால் டீ காலத்துக் கண்ணாடி டம்ளர்களை அலமாரியிலிருந்து எடுத்துக் கழுவி, மூன்றாம் தண்ணீரை அதில் ஊற்றி, தட்டில் அடுக்கிக் கீழே எடுத்துப் போனேன். நாற்பது பேரில் பதினெட்டு பேருக்கு மட்டும் கொடுத்தேன். கிராம் சார் வாசித்த அதே வரிசையில். முதல் டம்ளர் பசையக்காவுக்கு. "என்னடா இது, எனக்கு மட்டும் கண்ணாடியில மரியாதை?" என்று சிரித்தார். நான் பன்னிரண்டுக்குப் போனேன், பதிமூன்றுக்குப் போனேன், இருபத்திரண்டுக்குப் போனேன். பாதிக்கு மேல் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் தட்டையே பார்த்தார்கள். டம்ளர் வராதவர்கள் அழ ஆரம்பித்தார்கள், வந்தவர்கள் அழவில்லை. தட்டில் ஒரு டம்ளர் மிஞ்சியது.

"பத்தொம்பதாவது யாருக்குடா?" என்றார் பசையக்கா.

நான் அங்கேயே நின்று அதைக் குடித்தேன்.

ஒன்றரை நிமிடம் பதினெட்டு பேருக்குத்தான் போதுமானதாக இருந்தது. பத்தொன்பதாவது ஆள் நான் ஊற்றிக்கொண்டிருக்கும்போது வந்தான். "எல்லாரும் இந்த டீயைப் போட்டுக்கப் பழகிட்டா டீக்காரர் எதுக்கு?" என்றார் சின்ன முதலாளி. "அவருக்கு எண் இல்லையே சார், என்னன்னு எழுதறது?" என்றார் கிராம் சார். "டீன்னு எழுதிக்க." நான் சின்ன முதலாளியின் கோப்பையில்தான் அப்போது ஊற்றிக்கொண்டிருந்தேன். கடைசிச் சொட்டுவரை வடித்தேன். ஒரு துளி வெளியே சிந்தவில்லை.

இன்னொன்று. காய்ந்த இலை ஒன்றைக்கூட எடுத்ததில்லை என்று எழுதியது வெள்ளிக்கிழமை மாலைவரைக்கும் சரி. அன்று வீட்டுக்கு வந்து விளக்கத்தை நானே எழுதிப் பார்த்தேன். செய்யாத குற்றத்துக்கு எப்படி விளக்கம் எழுதுவது, கை ஓடவில்லை. செய்துவிட்டு எழுதினால் ஓடும் என்று சனிக்கிழமை ஐந்து கிராம் எடுத்துவிட்டேன். மாலை எடை போடும்போது கிராம் சார் கோட்டுக்குள் நிற்கிறவர்களை எண்ணப் போயிருந்தார். திங்கட்கிழமை காலை தராசு சொல்லிவிடும். இந்தத் தாளுக்குள் காகிதப் பொட்டலமாக இருப்பது அதுதான். கொதித்த தண்ணீரை இரண்டு பாத்திரம் மாற்றி ஆறவைத்து ஊற்றுங்கள். அக்காவுக்கும் ஒரு கோப்பை கொடுங்கள், சர்க்கரை கேட்டால் கொடுக்காதீர்கள். ஊறுகிற ஒன்றரை நிமிடம் எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருங்கள். ஒன்றரை நிமிடம் சும்மா இருந்தால் காதில் என்னென்ன விழுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே விளக்கக் கடிதம் வேண்டாம் மாமா. அதற்குப் பதிலாக ஒரு மனு எழுதித் தாருங்கள், புதன்கிழமைக்குள் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பதினெட்டு எண்களும், அந்த எண்களுக்கு உரியவர்களின் முழுப் பெயர்களும் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கின்றன. பசையக்கா உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். முப்பது வருஷம் மேல்மாடியிலிருந்து எழுதினீர்கள், பணிவாக முடிகிற விளக்கங்களைக் கோப்பில் கட்டி வைத்தீர்கள். இந்த ஒரு தடவை கீழ்த்தளத்திலிருந்து எழுதுங்கள். மாட்டேன் என்றால் அதையும் எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். எழுதினால் பத்தொன்பதாவதாக என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீ என்று போடாதீர்கள். என் பேர் உங்களுக்குத் தெரியும்.